குதிரைமுடி வீடு

அந்தத் திங்கட்கிழமை காலை, அடையாறில் இருக்கும் அந்தச் சின்ன விலங்கு மருத்துவமனையின் உள்ளறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் அகஸ்டின், அவருடைய தங்கை மர்சலின், மருமகள் ஜொவிட்டா, நாயைத் தூக்கிவந்த ஆட்டோக்காரர் பாலு, டாக்டர் தாரணி. ஆறாவதாக, மேசைமேல் படுத்திருந்த மேஜர். வேறு யாரும் இல்லை. அகஸ்டின் குடும்பம் இருக்கும் சாந்தோமில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதுபோலப் பேசிக்கொண்டதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

மேஜர் ஒன்பது வயது லாப்ரடார். அகஸ்டினின் மகன் ஃபிரெட்ரிக் குட்டியாக வாங்கிவந்து, இரண்டு மாதம் கொஞ்சிவிட்டு, கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அன்று முதல் காலையும் மாலையும் பட்டினப்பாக்கம் வரை அதை நடத்திக் கூட்டிப்போனது அகஸ்டின்தான். மகனைவிட நாய் சொன்னபேச்சுக் கேட்கிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். வெளியில் சொன்னதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேஜரைக் குளிப்பாட்டும்போது ஜொவிட்டா ஒரு கட்டியைப் பார்த்தாள். வலது பின்னங்காலில், கணுவுக்குச் சற்று மேலே, கொண்டைக்கடலை அளவில் ரோமமில்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"மாமா, இத டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"பாலுண்ணி" என்றார் அகஸ்டின், செய்தித்தாளை இறக்காமல். "இதுக்கு டாக்டரா. நம்ம வீட்டுலயா."

ஜொவிட்டாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "மாமா, நாய்க்கெல்லாம் முடி கட்ட ஆரம்பிச்சிடாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா."

அந்த வீட்டுக்குத் தெருவில் குதிரைமுடி வீடு என்று பெயர். மருவோ பாலுண்ணியோ வந்தவர்கள் வெள்ளிக்கிழமை மாலை அங்கே வருவார்கள். அகஸ்டின் கறுப்புக் குதிரையின் வால் முடி ஒன்றை எடுத்து, மருவின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்வார். கட்டிக்கொண்டவர்கள் நன்றி சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஒரு வாரத்தில் மரு கறுத்து உதிர்ந்துவிடும். அகஸ்டினுடைய தாத்தா ஒரு துரையின் குதிரை லாயத்தில் இருந்தவர். அங்கிருந்து வந்த கைப்பழக்கம். வீட்டில் யாரும் அவரைக் குதிரைக்காரர் என்று சொல்வதில்லை. லாயத்துக்குப் பொறுப்பாக இருந்தார் என்றுதான் சொல்வார்கள். பங்குத் தந்தை ஒருவரின் கழுத்து மருவே அந்த வீட்டில்தான் விழுந்தது. இந்தப் பெருமையின் மேல் கை வைத்தால் அகஸ்டின் பொறுக்கமாட்டார்.

திங்கட்கிழமை காலை விஷயத்துக்கு வருவோம். கொண்டைக்கடலை இப்போது எலுமிச்சம்பழமாக இருந்தது. சனிக்கிழமை காலை வீங்க ஆரம்பித்து, கணுவைச் சுற்றிச் சிவந்து, பளபளவென்று ஆகிவிட்டது. மேஜர் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜொவிட்டா வைத்த கறிச்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. லாப்ரடார் கறிச்சோற்றை வேண்டாமென்றால் அது சாதாரண விஷயமில்லை என்று பாலுவுக்கே தெரிந்திருந்தது.

வரும் வழியெல்லாம் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிப்போட்ட பள்ளம். புரட்டாசி முடிந்தும் மழை இல்லை; காலை ஒன்பது மணிக்கே புழுங்கியது. மந்தைவெளியில் இருபது நிமிடம் நின்றார்கள். நாய் மர்சலினின் மடியில் தலை வைத்து மூச்சு வாங்கியது. அவர் கோவில் பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொடுப்பவர். அன்று கொடுக்க வேண்டிய மூட்டையும் ஆட்டோவிலேயே இருந்தது. அதன் மேல் எச்சில் வடிந்தது.

"பாலு, அந்தச் சந்துல போயேன்" என்றார் அகஸ்டின்.

"அங்க இன்னா சார் கீது? அங்கயும் பள்ளந்தான் கீது. இங்க நின்னாலாவது நெழலு."

"நீ எப்பவும் இப்படித்தான்."

"நான் எப்பவும் இப்டித்தான் சார். ரோடுதான் தெனமும் மாறிக்கினு கீது."

டாக்டர் தாரணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டியைப் பார்த்ததும் விரலால் அமுக்கவில்லை, சுற்றித்தான் தொட்டார். பிறகு மெல்லிய ஊசி ஒன்றை அதில் செருகி எடுத்து, உள்ளே வந்ததைக் கண்ணாடித் துண்டில் பீச்சி, இன்னொரு கண்ணாடியால் இழுத்துத் தடவினார். மேஜர் முனகவில்லை. கண்ணாடியைக் காற்றில் ஆட்டி உலர்த்தி, மூன்று சின்னக் குப்பிகளில் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி எடுத்தார். முதல் குப்பி, இரண்டாவது, மூன்றாவது, பிறகு குழாய்த் தண்ணீர். சமையலறையில் கத்தரிக்காயை அரிந்து தண்ணீரில் போடுவதுபோல அவசரமில்லாத கை. அகஸ்டினுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஒரு கட்டியைப் பார்க்க இத்தனை சடங்கா என்று நினைத்தார். தம் வீட்டுச் சடங்கு அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு டாக்டர் தலை நிமிர்ந்தார். "இது பாலுண்ணி இல்ல சார். மாஸ்ட் செல் கட்டி. தோல்ல வர்ற புற்று. நாய்ங்களுக்கு நிறைய வரும், இந்த சாதி நாய்க்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

மர்சலின் சிலுவை போட்டுக்கொண்டார். ஜொவிட்டா மாமனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மூன்று மாதம் இருந்தது.

"எல்லா மாஸ்ட் செல் கட்டியும் கெட்டதில்ல" என்றார் டாக்டர். "சிலது வருஷக்கணக்கா சாதுவா இருக்கும், வெட்டி எடுத்தா முடிஞ்சுது. சிலது வேகமா பரவும். எந்த ரகம்னு கட்டிய எடுத்து லேபுக்கு அனுப்பினாதான் உறுதியா தெரியும். அதுக்கு முன்னாடி நமக்கு இருக்கற துப்பு, அது நடந்துக்கற விதம். அதான் கேக்கறேன், நல்லா யோசிச்சு சொல்லுங்க. ரெண்டு நாள்ல இவ்ளோ வீங்கியிருக்கு. இது தானா வீங்கிச்சா? இல்ல, யாராவது அமுக்கினது, குத்தினது, ஏதாவது தடவினது, கட்டினது, அப்படி எதாவது உண்டா?"

"எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்றார் அகஸ்டின்.

பாலு விட்டத்தைப் பார்த்தார். மர்சலின் கைப்பையைத் திறந்து ஜெபமாலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார்.

"யாருமே தொடல?"

"இல்ல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்போ எனக்கு பயமாத்தான் இருக்கு. தானா ரெண்டு நாள்ல இப்படி வீங்கறது கெட்ட ரகத்தோட குணம். தொடையில இருந்தா கட்டிய சுத்தி மூணு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேத்து அறுத்து எடுத்துட்டு தச்சிடுவேன். கணுகிட்ட தோலே கிடையாது. எலுமிச்சை சைஸுக்கு சுத்தி வெட்டினா மூட எதுவும் மிஞ்சாது. விட்டு வைக்கவும் முடியாது. காலை எடுக்கறதுதான் பாதுகாப்பு. வியாழக்கிழமை செய்யலாம்."

வெளியே ஒரு பூனை கூடைக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது.

"மூணு கால்ல கூட ஓடும் சார்" என்றார் பாலு. "எங்க சைதாப்பேட்டைல ஒண்ணு கீது. நம்ம வண்டியவே தொர்த்தும்."

"பாலு, கொஞ்சம் சும்மா இரு."

"தைரியம் சொன்னேன் சார். அதுவும் தப்பா?"

ஜொவிட்டா குனிந்து மேஜரின் காதைத் தடவினாள். "மூணு மாசம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா?" என்று கேட்டாள். டாக்டரைத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு இருந்த சைஸுக்கு அரை மணி நேர வேலை மா."

அகஸ்டின் நிமிர்ந்தே நின்றார். உட்கார நாற்காலி இருந்தது, அவர் உட்காரவில்லை.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஜொவிட்டா பள்ளி அலுவலகத்தில் இருந்தாள். கட்டி சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் மரு எடுக்கிற வீட்டில் நாய் ஒரு மருவோடு திரிவது அகஸ்டினுக்கு அவமானமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரைக் குதிரைக்காரனிடமிருந்து பாலு புது முடி வாங்கிவந்திருந்தார். மர்சலின் தலையைப் பிடித்துக்கொண்டார். மூன்று சுற்று, ஒரு முடிச்சு, மூன்று மந்திரம். மறுநாள் காலை கால் அப்பம்போல் ஊதியிருந்தது. அகஸ்டின் நகவெட்டியால் முடியை அறுத்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, காப்பி குடித்தார். தங்கையிடம், "இது வெளிய போக வேண்டாம்" என்றார். "நான் எதுக்கு சொல்றேன்" என்றார் மர்சலின். அந்த வீட்டில் இதற்கு மேல் ஒப்பந்தம் தேவையில்லை.

இப்போது அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால், மூன்று தலைமுறைக் கை இந்த மேசையிலேயே முடிந்தது. தம் வீட்டு நாய்க்கே புற்றைக் கட்டிக் கிளறிவிட்டவர்கள் என்று பேர் வரும். முடி கட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் இனிக் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் ஒரு கால் போகும். நாய்க்கு மூன்று கால் போதும் என்று பாலுவே சொல்லிவிட்டார். இந்த இடத்தில் அவருக்குத் தம் மேலேயே எரிச்சல் வந்தது. பாலு சொன்னதையெல்லாம் சாட்சிக்கு இழுக்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று.

டாக்டர் ஒரு தாளை எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தார். "ஒன்பது வயசு ஆண் லாப்ரடார். வலது பின்னங்கால்ல மாஸ்ட் செல் கட்டி. ரெண்டு நாள்ல தானா வீங்கினது. வீட்டுல யாரும் கட்டியத் தொடல. ரெண்டு தடவ வாந்தி. காலை அகற்ற உரிமையாளர் சம்மதம். கீழ கையெழுத்து போடுங்க சார்."

பேனாவைக் கொடுத்தார்.

அகஸ்டின் முப்பத்தாறு வருடம் பள்ளியில் இருந்தவர். அதில் பதினொரு வருடம் அவருடைய கையெழுத்துக்குக் கீழே முத்திரை விழுந்தது. பங்குத் தந்தையே வந்து கேட்டும் ஒரு பையனின் பிறந்த தேதியை ஒரே ஒரு மாதம் மாற்றிப் போட மறுத்தவர். அதற்காக ஒரு வருடம் பாதிரியார் அவரோடு பேசவில்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும். இது தாள். கீழே அவர் பெயர்.

பேனா முனை தாளைத் தொட்டது. எடுத்துவிட்டார்.

"இதுல ஒரு வரி தப்பா இருக்கு."

"எந்த வரி சார்?"

"யாரும் தொடலைன்றது."

டாக்டர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலரை மணிக்கு குதிரைமுடி கட்டினேன். நான்தான் கட்டினேன். சனிக்கிழமை காலையில எட்டரைக்கு அறுத்து எடுத்தேன். எழுதிக்குங்க." கடிதம் எழுதச் சொல்கிற குரலில் சொன்னார்.

"தலைய நான்தான் புடிச்சேன்" என்றார் மர்சலின். "அதையும் எழுதிக்கம்மா."

"முடி நான் கொண்ணாந்தது டாக்டரம்மா" என்றார் பாலு. "பீச்சுல குதிர உட்றான்ல, அவங்கைல கேட்டு. எவனோ மருவுக்குத்தான்னு நென்ச்சேன். நம்ம மேஜருக்குன்னு தெரிஞ்சா குட்த்திருப்பனா?"

"நீ கேட்டிருக்கணும்" என்றார் அகஸ்டின்.

"வாத்தியாரக் கேள்வி கேக்கறதுக்கு நான் இன்னா இன்ஸ்பெக்டரா?"

ஜொவிட்டா மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். "ஒரே பரீட்சையில மூணு பேரும் பிட் அடிச்சிருக்கீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஐந்து நாள் அவள் மாமனாரோடு நேராகப் பேசவில்லை.

டாக்டர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். "எத்தன சுத்து?"

"மூணு."

"இறுக்கமா?"

"இறுக்காம எப்படி விழும்?"

"பதினாறு மணி நேரம்." டாக்டர் எழுதிக்கொண்டார். "சார், இந்தக் கட்டியில இருக்கற ஒவ்வொரு செல்லும் ஒரு மிளகாய்த்தூள் பொட்டலம் மாதிரி. நசுக்கினா எல்லாம் அவுந்து உடம்புல கலக்கும். அதான் வீக்கம், அதான் செவப்பு, அதான் வாந்தி. நீங்க கட்டினது அத்தன பொட்டலத்தையும் ஒரே நேரத்துல அவுத்துடுச்சு. பெரிய நாய்ங்கறதால தப்பிச்சுது. சின்ன நாயா இருந்தா அன்னிக்கு ராத்திரியே போயிருக்கும்."

"திட்டணும்னா திட்டிடுங்க."

"நேரம் இல்ல சார், வெளிய நாலு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. இப்போ காலை எடுக்கறத தள்ளி வைக்கறேன். அஞ்சு நாள் மாத்திரை, வீக்கம் இறங்குதான்னு பார்ப்போம். இறங்கி பழைய சைஸுக்கு வந்தா கட்டிய மட்டும் எடுக்க முயற்சி பண்றேன். இறங்கலன்னா கால்தான். சொல்லிட்டதால பொழைச்சிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க."

திட்டியிருந்தால் அகஸ்டினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஐந்து நாளை வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். மாத்திரையை இட்லிக்குள் வைத்தால் மேஜர் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் துப்பியது. சங்கரா மீனில் முள்ளெடுத்துப் பொதிந்து கொடுத்தால் மீன் போனது, மாத்திரை வந்தது. கடைசியில் அகஸ்டினே வாயைத் திறந்து நாக்கின் அடிவரை விரலை விட்டுப் போட்டு, தொண்டையைத் தடவி விழுங்க வைத்தார். மருந்தின் குணத்தால் நாய்க்குத் தீராத பசி, தீராத தாகம். வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, நின்ற இடத்தில் மூத்திரம் பெய்தது. கூடத்தை ஒரு நாளைக்கு ஆறு முறை துடைத்தார்கள். ஒருமுறை மர்சலின் இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்த பீடத் துணிமேலேயே பெய்தது. அவர் பதினான்கு துணியையும் திரும்ப ஊறவைத்தார்.

"மாமாகிட்ட சொல்லுங்க அத்தை, சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு" என்பாள் ஜொவிட்டா, மாமா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்க.

"அண்ணே, சாப்பாடு எடுத்து வச்சிருக்காம்."

"காதுல விழுந்துது."

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேர் முடி கட்ட வந்தார்கள். அகஸ்டின் வாசலிலேயே, "இன்னிக்கு இல்ல" என்று அனுப்பிவிட்டார். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மர்சலின் மட்டும் உள்ளிருந்து, "அடுத்த வாரம்?" என்று கேட்டார். அகஸ்டின் வாளியை எடுத்துக்கொண்டு கூடம் துடைக்கப் போனார்.

தினமும் காலையில் பள்ளி அளவுகோலை வைத்துக் கட்டியை அளந்து, தேதி போட்டு எழுதினார். தொடாமல் அளந்தார். ஐந்து சென்டிமீட்டர், நான்கரை, மூன்று. நான்காம் நாள் ஒன்றரை. ஐந்தாம் நாளும் ஒன்றரை. அந்தத் தாளை சாப்பாட்டு மேசையில் ஜொவிட்டாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் எடுத்துப் படித்துவிட்டு, "வீக்கம் வத்திடுச்சு மாமா" என்றாள். "தெரியும், நான்தானே எழுதினேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை அறுவை. டாக்டர் தாரணி கட்டியைச் சுற்றி மையால் வட்டம் போட்டு, அந்த வட்டத்தோடும் அடியிலிருந்த சவ்வோடும் சேர்த்து எடுத்தார். பக்கத்துத் தோலை நகர்த்தி இழுத்து மூடினார். இரண்டு மணி நேரம் ஆனது. வெளியே பெஞ்சில் அகஸ்டின் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். பாலு பக்கத்தில் தூங்கிவிட்டார். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக்கு வந்த மேஜர் எல்லாக் கதவு நிலையிலும் இடித்தது. இரவும் பகலும் டொக் டொக் என்று அந்தச் சத்தம்.

பத்து நாள் கழித்து லேப் அறிக்கை வந்தது. சாதுவான ரகம். ஓரங்களில் புற்றுச் செல் இல்லை. ஒரு பக்கம் மட்டும் இடைவெளி குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காலையும் நெறிக்கட்டிகளையும் காட்ட வேண்டும். "புதுசா கட்டி வந்தா?" என்று கேட்டார் டாக்டர். "அன்னிக்கே வர்றோம்" என்றார் அகஸ்டின்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாதா சிலை இருக்கும் கெபி அருகில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்க கை கைதான் சார்." இன்னொருவர், "கேன்சருக்கே கட்டிட்டீங்களாமே" என்றார். அகஸ்டினுக்குப் புரியவில்லை. மாலையில் மர்சலின் விசாரித்துவந்து சொன்னார். பாலு சவாரிக்குச் சவாரி கதை சொல்லியிருக்கிறார். நாய்க்குப் புற்று, டாக்டர் காலை வெட்டணும்னு சொல்லிட்டார், வாத்தியார் முடி கட்டினார், கட்டி சுருங்கிப்போச்சு. எல்லாம் நடந்ததுதான், வரிசைதான் மாறியிருந்தது.

"உண்மையச் சொன்னா நம்ம பேர் கெட்டுடுமேன்னுதான் சார்" என்றார் பாலு, கூப்பிட்டுக் கேட்டபோது. "கொஞ்சம் மின்ன பின்ன சொன்னேன்."

"இப்ப நம்ம பேர் நல்லாத்தானே இருக்கு" என்றார் மர்சலின். "நாமளா ஒண்ணும் சொல்லல. கேட்டா ஆண்டவர் புண்ணியம்னு சொல்லிட்டுப் போயிடலாம். அதுல பொய் ஒண்ணுமில்லையே."

அகஸ்டின் அன்றிரவு அதை நினைத்துப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். பொய் ஒன்றும் இல்லைதான். கையெழுத்துப் போடவும் யாரும் தாள் நீட்டப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் பாலுவின் ஆட்டோ நின்றது. ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார் ஸ்வர்ணலதா என்ற பெண்மணி. ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மடியில் கூடை, கூடையில் வெள்ளைப் பூனை. பூனையின் இடது காது நுனி சிவந்து, பொருக்குத் தட்டி, ஓரம் அரித்திருந்தது. தெருவில் வெள்ளிக்கிழமைக்காக வந்திருந்த ஐந்தாறு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு மாசமா ஆறவே இல்லங்கய்யா. வெயில்லயே படுத்துக் கிடக்கும். டாக்டர்கிட்ட போனா காதை வெட்டிடுவாங்களோன்னு பயம். அப்பத்தான் இந்த ஆட்டோத் தம்பி சொன்னாரு. உங்க நாய்க்கு வந்த புத்துநோயவே முடி கட்டி விழ வச்சீங்களாமே. இதுக்கும் கட்டிவிடுங்க. நான் திரும்பிப் பாக்காம போயிடறேன்."

பாலு தரையைப் பார்த்தார். மர்சலின் கதவோரம் நின்றார். ஜொவிட்டா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், கழற்றாமல் நின்றாள்.

அகஸ்டின் எழுந்து நின்றார். தெருவில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்.

"பாலு, இவங்கள இப்பவே அடையாறு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அம்மா, நீங்க கேள்விப்பட்டது தப்பு. என் நாய் கட்டி முடியால விழல. முடி கட்டினதால வீங்கிச்சு. கட்டினது நான். கட்டிய அறுத்து எடுத்தது டாக்டர் தாரணி."